ஆமென் வரை காத்திருந்த மகள்

மாலை ஜெபத்தில் ஆமென் சொல்லும்வரை கண்ணையோ வாயையோ திறக்கக்கூடாது. ஐந்து வயது மகளுக்கு நான் அடித்துப் பழக்கிய சட்டம் இது.

அன்று எனக்குத் தலைவலி என்பதால் ஜெபத்தைச் சீக்கிரமே முடித்தேன். ஆமென் சொன்னதும் மகள் வெடித்து அழுதாள்.

"அம்மா, தம்பி தண்ணி வாளிக்குள்ள விழுந்துட்டான்!"

குளியலறைக்கு ஓடினேன். தவழும் வயதுப் பிள்ளை வாளிக்குள் தலைகீழாகக் கிடந்தான். தூக்கியதும் நல்லவேளையாக இருமினான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம்.

"ஏன்டி அப்பவே சொல்லல?" என்று மகளைக் கேட்டேன்.

"கண்ணத் தொறந்து பாத்தேன்னு சொன்னா அடிப்பீங்கள்லம்மா."

இப்போது வாளிகளைக் கவிழ்த்தே வைக்கிறேன். ஆபத்தென்றால் ஜெபத்துக்கு நடுவிலும் கத்தச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் ஆமென் வரை அவள் வாய் திறப்பதில்லை. அதனால் நான்தான் கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிக்கிறேன்.