அவள் எண்ணுக்கு வந்த ஓ.டி.பி.

என் மனைவி இறந்த பிறகு அவள் பெயரை நான் டைப் அடித்தது கண்ணீர் அஞ்சலி பேனரில்தான். திண்டிவனத்தில் பிளக்ஸ் கடை வைத்திருப்பவன் அதை வேறு யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பான்? ஊருக்கெல்லாம் அடித்த கை, அன்றைக்கு எழுத்தளவு வைக்கத் தெரியாமல் திணறியது.

அவள் பெயர் உயிரோடு இருந்த இடம் அவளுடைய சமையல் வலைத்தளம். கட்டிக் கொடுத்தது நான், எழுதியதெல்லாம் அவள். கேப்பைக் கூழ், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைத் துவையல் என்று வாயாடுவதுபோலவே எழுதுவாள். ஒவ்வொரு குறிப்பின் கீழும் அவள் பெயரும் சின்னப் படமும் இருக்கும்.

தளத்தை நடத்தும் கம்பெனி பழைய பதிப்பை நிறுத்தப் போவதாகவும் புதியதற்கு மாறச் சொல்லியும் அறிவித்தது. மாற்றினால் எப்படி இருக்கும் என்று முன்னோட்டம் பார்த்தேன். குறிப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆனால் அவள் பெயர் இருந்த இடத்தில் என் பெயர். ‘நான் மாசமா இருந்தப்ப இந்தக் கூழ்தான் வயித்துல தங்குச்சு’ என்பதற்குக் கீழே மீசையோடு என் படம். உதவி எண்ணில் பேசிய பெண்ணிடம் எரிந்து விழுந்தேன். எழுதியவர் தன் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டு உறுதி செய்யாவிட்டால் எல்லாம் தளத்தின் உரிமையாளர் பெயருக்குப் போய்விடும் என்றார் அவர். செத்துப்போனவள் எங்கிருந்து போடுவாள் என்று கேட்டேன்.

ரீசார்ஜ் ஆகாத எண்களை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள் அல்லவா, அவள் எண்ணும் அப்படிப் போயிருந்தது. கூப்பிட்டேன். “கூட்டேரிப்பட்டு பஞ்சர் கடைங்க” என்றது ஓர் ஆண் குரல். விஷயத்தைச் சொல்லி ஓ.டி.பி. என்று வாயைத் திறந்ததும், “பேஜாரு பண்ணாதீங்க சார், எங்க மச்சான் இப்பிடித்தான் சொல்லிட்டு ஏமாந்துபோய் நிக்கிறாரு” என்று வைத்துவிட்டார். ஆத்திரமாக வந்தது. ஆனால் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மறுநாள் தூறலில் குடையோடு விழுப்புரம் பஸ் ஏறி, வழியில் கூட்டேரிப்பட்டில் இறங்கினேன். அவர் லாரி டயர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். பேசினால் அழுதுவிடுவேன் போலிருந்ததால் போனில் பேனரையும் வலைத்தளத்தையும் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டிலும் ஒரே படம்தான். அவள் நன்றாகச் சிரித்த படம் வேறு என்னிடம் இல்லை.

“தப்பா நெனைச்சிட்டேங்க. அனுப்பச் சொல்லுங்க” என்றார்.

ஓ.டி.பி. வந்தது. போனை என்னிடம் கொடுக்காமல் அவரே ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார், நான் போட்டேன். கூழுக்குக் கீழே அவள் பெயர் வந்து நின்றது. இனி அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று தளத்தில் அவள் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் போட்டேன். பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். அதற்குள் தூறல் நின்றிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. அப்போது போன் அடித்தது. திரையில் அவள் முகம், மேலே ‘வீடு’ என்று நான் பதிந்து வைத்திருந்த பெயர். அதை நான் அழிக்கவே இல்லை. அந்த எண்ணுக்குச் சொந்தக்காரரோடு சற்று முன்புதான் டீ குடித்திருந்தேன். அதெல்லாம் புத்திக்குத்தான் தெரிந்தது.

“சொல்லும்மா” என்றேன்.

அந்தப் பக்கம் லாரிகள் போகும் இரைச்சல் மட்டும் கேட்டது.

“நான்தாங்க, பஞ்சர் கடை” என்றார், ரொம்பத் தணிந்த குரலில். “கொடைய வச்சிட்டுப் போய்ட்டீங்க.”

இருக்கட்டும், பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லப் பார்த்தேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன். பஞ்சர் கடைக்காரர் போனை வைக்காமல் அப்படியே இருந்தார்.