யூலிக்கு நிறுத்திய சாப்பாடு

மலேசியாவின் பட்டர்வொர்த், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். நோன்பு மாதம் தொடங்கியதும் இந்தோனேசியப் பெண்கள் எல்லாருடைய மதியச் சாப்பாட்டையும் நானே நிறுத்தச் சொன்னேன். நானும் நோன்பு, கேண்டீன் பக்கமே போகவில்லை.

நான்காம் நாள், புதிதாக வந்திருந்த யூலி பிரஸ் மெஷின் முன்னால் மயங்கிச் சரிந்தாள். பக்கத்தில் நின்ற கமலா சட்டென்று மெஷினை நிறுத்தியிராவிட்டால் அவள் கை போயிருக்கும்.

தண்ணீர் தெளித்து, "நோன்பு ஒத்துக்கலையா?" என்று மலாயில் கேட்டேன்.

யூலி அழுதாள். "நான் கிறிஸ்டியன் அக்கா. எங்க ஃப்ளோரஸ் தீவுல முக்காவாசிப் பேரு சர்ச்சுக்குப் போறவங்க. நீங்கெல்லாம் பட்டினியா இருக்கிறப்ப சோறு கேக்க வெக்கமா இருந்துச்சு. நாலு நாளா வெறும் கோப்பிதான்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா அக்கா," என்றாள் கமலா.

ஜார்ஜ்டவுனுக்குத் திரும்பும் ஃபெர்ரியில், போனில் வரைபடத்தைத் தேடினேன். ஜாவா, பாலி, லொம்போக் எல்லாம் தாண்டிக் கிழக்கே நீளமாகக் கிடந்தது அந்தத் தீவு.

இப்போது சாப்பாட்டுப் பட்டியல் எழுதுமுன் ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். தமிழச்சி என்றதும் எனக்குத் தீபாவளி வாழ்த்துச் சொல்பவர்களிடம், "நான் முஸ்லிம்லா!" என்று வருடாவருடம் எரிந்துவிழுவேன். இந்தத் தீபாவளிக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.