அந்தோணி பின்னிய வலை

பாம்பன் டீக்கடையில் ஒரே கைபேசியைச் சுற்றிப் பத்துத் தலைகள். வெளிநாட்டில் நடக்கும் சிறுமியர் கூடைப்பந்துப் போட்டியில் மீனவர் அந்தோணியின் மகள் ஜெனி ஆடுகிறாள். இந்தியா ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது.

"பொண்ணு எப்படிங்க இப்படி எம்புது?" என்கிறேன் அந்தோணியிடம்.

"இங்க அவ பழகுன வளையத்துக்கு நாந்தான் சார் வலை பின்னிக் குடுத்தேன். அடியவும் சேத்து முடிச்சுப் போட்டுட்டேன். உள்ள போனது வெளிய வந்தா அது என்ன வலை?"

ஒவ்வொரு பந்தையும் ஜெனி கீழேயிருந்து எம்பிக் குத்தித்தான் வெளியே எடுத்தாளாம். எனக்கு இந்த பெஞ்சிலிருந்து எழவே இரண்டு முயற்சி வேண்டும்.

கடைசி நொடி. வளையத்தில் பட்டுத் தெறித்த பந்தை ஜெனி எல்லோருக்கும் மேலே எம்பி உள்ளே தட்டுகிறாள். ஜெயித்தாகிவிட்டது! நானும் ஒரே முயற்சியில் எழுந்துவிட்டேன்.

அந்தோணி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைக் காட்டுகிறார்.

"அங்கன பாருங்க சார், பந்து கீழ விழுந்துருச்சு. வலை சரியில்ல."