ஹாரனுக்கு ஓடிவந்த குரங்குகள்

போன சனிக்கிழமை என் அப்பா நல்லதம்பி இறந்துபோனார். இதை எழுதுகிற என் கையே இதை நம்பவில்லை.

அப்பா மீன் வியாபாரி. விடியுமுன் ஜெகதாப்பட்டினத்தில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போவார். தெருமுனையில் ஹாரனை அமுக்கினால் பெண்கள் சட்டியோடு வந்துவிடுவார்கள். அந்த வருமானத்தில்தான் நான் பி.எஸ்சி. முடித்தேன்.

கல்யாணமாகி எனக்கு இரண்டு முறை கரு கலைந்தது. மூன்றாவது தங்கியதும், குழந்தை பிறக்கும்வரை சனிக்கிழமைதோறும் குரங்குகளுக்குப் பழம் போடுவதாக அப்பா ஆஞ்சநேயருக்கு வேண்டிக்கொண்டார். சனிக்கிழமை எங்கள் பக்கம் மீன் விற்காது. வண்டியைக் கழுவி, வாழைப்பழம் ஏற்றி, அறந்தாங்கி சாலையில் காட்டை ஒட்டிய புளியமரத்தடிக்குப் போவார். கூப்பிட அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். ஹாரன் அடித்தார். குரங்குகள் பழகிக்கொண்டன. அவரைப் பார்த்துக் கார்க்காரர்களும் ஹாரன் அடித்து பிஸ்கட் போடத் தொடங்கினார்கள்.

அங்கேதான் ரம்யா அறிமுகம். குரங்குகளின் கழிவைச் சேகரித்து, அதிலுள்ள மன அழுத்த ஹார்மோனை அளக்கும் ஆராய்ச்சி மாணவி.

"ஏம்மா, டாக்டர் பட்டம் வாங்கப்போற புள்ள குரங்குப் பீயவா பொறுக்குற?"

"பட்டம் அதுக்குள்ளதாங்க ஐயா இருக்கு."

அப்பா வீட்டுக்கு வந்தும் சிரித்துக்கொண்டிருந்தார்.

முடிவுகள் வந்ததும் ரம்யா எங்கள் வீட்டுக்கே வந்தாள். காட்டுக்குள் இரை தேடும் கூட்டத்தைவிடச் சாலையோரக் கூட்டத்துக்கு அந்த ஹார்மோன் மிக அதிகம் என்றாள். பழம் ஒரே இடத்தில் விழுகிறது. அடிதடி, வண்டிகள், ஓயாத பயம்.

"அதுலயும் குட்டிக்குப் பால் குடுக்குற தாய்க்குத்தான் ரொம்ப அதிகங்க. பழத்துக்கும் வரணும், குட்டியையும் காப்பாத்தணும்."

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. "எம் மக நல்லா இருக்கணும்னு இன்னொரு தாயையா வதைச்சுக்கிட்டு இருக்கேன்?"

அத்தை செவந்தி, அப்பாவின் அக்கா, குறுக்கிட்டாள். "எட்டாம் மாசம்டா. இப்பப் போயி வேண்டுதலை நிறுத்துவியா?"

"சாமிக்கு வடைமாலை போட்டு மாத்திக்கிறேன்க்கா. சாமி கோவிச்சுக்காது."

அந்தச் சனிக்கிழமை பழமில்லாமல் கோயிலுக்குக் கிளம்பினார். அதன்பிறகு நடந்ததை ரம்யா சொல்லித்தான் அறிந்தேன். புளியமரத்தடியில் அவளிடம் பேச வண்டியை நிறுத்தியிருக்கிறார். குரங்குகள் ஓரத்தில் காத்திருந்தன. தூரத்தில் வந்த லாரிக்காரர் அவற்றை விலக்க ஹாரன் அடித்தார். அவை விலகவில்லை, பழம் வந்துவிட்டதென்று லாரியை நோக்கி ஓடின. வயிற்றில் குட்டி தொற்றியிருந்த தாய் ஒன்று நடுச்சாலையில் நின்றுவிட்டது. "ஏய், போ, போ!" என்று கத்திக்கொண்டே அப்பா சாலையில் பாய்ந்தார்.

தாயும் குட்டியும் பிழைத்துவிட்டன.

நாளைக்கு மறுபடி சனிக்கிழமை. வேண்டுதல் பாதியில் நின்றதால்தான் தம்பி போய்விட்டான் என்று அத்தை முடிவுகட்டிவிட்டாள். மாலையில் ஒரு தார் பழத்தை வாங்கி வந்து வைத்தாள்.

"வயித்துல இருக்குறதையாவது நெனச்சுப் பாருடி இலக்கியா. ஒம் புருசன் கொண்டுபோயிப் போட்டுட்டு வரட்டும்."

"அதை நெனச்சுத்தான் வேணாங்கிறேன் அத்தை. அப்பா நிறுத்திட்டாரு."

அத்தை அழுதாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. தாரைத் தூக்க முடியாமல், சீப்புச் சீப்பாக அறுத்துத் தெருவிலுள்ள வீடுகளுக்கெல்லாம் கொடுத்து முடித்தேன்.