ராசா பாய்ந்த ஆட்டம்

நல்லூர் வாசிகசாலையில் நடந்த சதுரங்கப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர் அண்ணை. ஆடப் போனவன் நான். காசநோய் அவரைக் கட்டிலை விட்டு எழும்ப விடவில்லை. எப்படியோ நான் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டேன். “இதை மட்டும் வெண்டுகொண்டு வா. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்” என்றார். வைத்தியர் தந்த மருந்தையும் வேண்டாமென்று தள்ளத் தொடங்கியிருந்த நாட்கள் அவை.

வீட்டில் நாங்கள் ஆடி வளர்ந்தது நாட்டு ஆட்டம். அதில் காலாள் ஒரு கட்டம்தான் போகும். ராசா ஒரேயொரு முறை குதிரையைப் போலப் பாயலாம். போட்டிக்காக இருவரும் இங்கிலீசுப் புத்தகம் ஒன்றைப் படித்தோம். அண்ணை சிரித்துக்கொண்டு படித்தார். நான் பண்டிதனாகிவிட்டேன்.

எதிரே ஒரு பிரக்கிராசியார். கோர்ட்டில் வழக்குப் பேசிவிட்டுக் கறுப்புக் கோட்டோடு வந்திருந்தார். ராணிக்கு முன்னால் நின்ற காலாளை இரண்டு கட்டம் தள்ளினேன். அவரும் அப்படியே. பக்கத்துக் காலாளையும் தள்ளி, வெட்டச் சொல்லிக் காட்டினேன். அவர் வெட்டாமல், தன் காலாளுக்கு இன்னொன்றை முட்டுக்கொடுத்தார். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. அதுவரை நான் மேதை.

புத்தகம் முடிந்தது. அவருடைய ராணி என் ராசாவை நோக்கி இறங்கியது. ராசாவை யானையோடு சேர்த்துக் கோட்டை கட்டினால் போதும், ஆட்டம் என் பக்கம். அண்ணையின் முகம் நினைவில் வந்தது. கை ராசாவைத் தூக்கிக் குதிரைப் பாய்ச்சலில் கொண்டுபோய் வைத்தது.

“என்ன காணும், உம்மடை ராசா எப்ப குதிரை ஏறினவர்?” என்றார் பிரக்கிராசியார். வாசிகசாலை சிரித்தது.

நடுவராயிருந்த மிஷன் பள்ளி வாத்தியார் சிரிக்கவில்லை. “தொட்ட ராசாவை நகர்த்தத்தான் வேணும், தம்பி. இனிக் கோட்டை கட்டேலாது.”

ஒரு கட்டம் நகர்த்தினேன். வெட்டவெளி. கொஞ்ச நேரத்தில், வென்ற பிரக்கிராசியார் எழும்பிக் கைகொடுத்தார்.

அண்ணையிடம் நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் இருமினார், அதில் பாதி சிரிப்பு.

“எடேய், எங்கடை ஆட்டத்திலை அது செல்லும்தானே? பலகையைக் கொண்டா. நான்தான் பிரக்கிராசி.”

கட்டிலில் காய்களை அதே நிலையில் அடுக்கினேன். ராசா பாய்ந்தார். சற்று ஆடியதும் அண்ணை தன் யானையை என் குதிரை பாயும் கட்டத்தில் கொண்டுவந்து வைத்தார்.

“அண்ணை, யானை போகுது.”

“கண்டனான். வெட்டு.”

வெட்டினேன். வென்றேன்.

“பாத்தியே, வெண்டுட்டாய்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதுநாள்வரை எனக்கு ஒரு காலாளைக்கூட விட்டுத் தந்தவர் அல்ல அவர். வெட்டிய யானை கையில் இருந்தது. வைத்தியர் எங்களுக்குச் சொல்லாமல் விட்டது அப்போதுதான் எனக்கு விளங்கியது.