வைக்கோல் ஆளின் உயரம்

கம்யூன் பஞ்சாயத்துத் தேர்தலில் அப்பா நின்ற வருஷம், காலேஜ் லீவுக்கு பாகூர் வந்திருந்தேன். ஏரிக்கரையில் ஒரு சிலம்பக்காரர் வைக்கோல் ஆள் கட்டிக்கொண்டிருந்தார். எதிராளி கரையாம்புத்தூரிலிருந்து கூட்டிவந்த அடியாள் அவர்தான் என்று ஊரே பேசியது. அதற்காக நான் வேடிக்கை பார்க்காமல் போவேனா?

ஒல்லி உடம்பு, கிழிந்த காதுமடல். ஒவ்வொரு முடிச்சையும் கண்ணை மூடிக்கொண்டே போட்டார். கிழிந்த சாக்கு, வைக்கோல், தலைக்கு ஓட்டைப் பானை. காசு செலவே கிடையாது.

"இன்னாண்ணே, காக்கா வெரட்டவா?" என்றேன்.

"அடிச்சுப் பழகத்தான் தம்பி. சித்த இது பக்கத்துல வந்து நில்லுங்க."

நின்றேன். பானையையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பாரு உங்கள வுட ஒசரமா?"

"அர ஜாண் ஒசரம்!" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு கழுத்தில் இன்னும் வைக்கோல் திணித்தார். பானை அரை ஜாண் மேலே ஏறியது. இப்போது அது சரியாக அப்பா உயரம்.

"வூட்டுல போயி சொல்லுங்க தம்பி," என்றார். சிரிக்கவில்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன். மறுநாளே அப்பா தேர்தலிலிருந்து விலகிக்கொண்டார்.

அந்த மனிதர் மிரட்டத்தான் கேட்டார் என்கிறாள் அம்மா. எனக்கென்னவோ காப்பாற்றத்தான் கேட்டார் என்று படுகிறது. அப்பா தினமும் அந்தக் கரை வழியாகத்தானே கழனிக்குப் போவார்? அவர் உயரத்தை என்னிடம் கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்?