வெல்டர் திரும்ப எழுதிய பெயர்

வெல்டர் அண்ணனின் சட்டைகளில் பொறி பட்டு ஓட்டை விழாத இடமே கிடையாது. சபைக்குப் போட்டுக்கொண்டு போகும் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் தப்பித்திருந்தது, அதுவும் அவர் மனைவி அதைப் பூட்டி வைத்திருந்ததால். இருபத்தாறு வருஷமாக இரும்பை ஒட்டியே பிழைத்த மனுஷன். ஜன்னல் கம்பியோ மாடிப்படியோ, எதை ஒட்டினாலும் முடிந்ததும் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிப் பார்க்காமல் கையை விட்டு அனுப்பமாட்டார்.

அப்பேர்ப்பட்டவருக்கு இருமல் வந்தது. புகையால் வருகிறது என்று மூன்று மாதம் சாதித்தார். கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்த்த அன்று மனைவி எந்தச் சாக்கையும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். காசநோய் என்றார்கள். ஆறு மாதம், ஒரு நாள்கூட விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். பாதியில் விட்டால் நோய் முரடாகத் திரும்பி வரும், அப்போது இந்த மாத்திரை கேட்காது என்று நர்ஸ் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

அவர்களுடைய சபை ஒரு சைக்கிள் கடையின் மாடியில் கூடியது. அங்கே சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அதில் எழுதி, எல்லாரும் சேர்ந்து ஜெபிப்பார்கள். ஊர் வாய்க்குப் பயந்து பெயருக்குப் பதில் தொழிலை எழுதுவது வழக்கம். சுகமானவர் எழுந்து சாட்சி சொல்லவேண்டும். பாஸ்டர் டஸ்டரை எடுத்து அந்த வரியை அழிப்பார், கூட்டம் கைதட்டும். 'வெல்டர்' என்ற வரி இரண்டு மாதம் அங்கே இருந்தது. அந்த இரண்டு மாதமும் வாரம் தவறாமல் முப்பது பேர் அவருக்காக முழங்கால் போட்டார்கள். அவர் மனைவியோ வாரக் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. லாண்டரியில் துணி தேய்க்கும்போதுகூட அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

இருமல் நின்றது. பசி வந்தது. பெல்ட்டில் ஓர் ஓட்டை தள்ளிப் போட வேண்டியதாயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையோடு எழுந்து நின்றார். "ஆண்டவர் என்னை முழுசா சுகமாக்கிட்டாரு. இனிமே எனக்கு மாத்திரையே தேவையில்ல" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவரிடம் யாரும் கேட்கவில்லை. வாய் சும்மா இருந்தால்தானே! வரி அழிந்தது, மாடி அதிரக் கைதட்டினார்கள்.

அன்று மனைவி வீட்டில் பிடித்துக்கொண்டாள். அது ஏதோ பேச்சுவாக்கில் வந்தது, மாத்திரையை விடவில்லை என்று சமாளித்தார். உண்மையில் அவள் சோற்று டப்பாவோடு தினமும் மடித்துக் கொடுத்த மாத்திரைகள் பட்டறையில் ஆணி டப்பாவுக்குள் போய்க்கொண்டிருந்தன. எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு மாத்திரையை விழுங்கினால் ஆண்டவரையே பொய்யராக்கியதுபோல் ஆகிவிடுமே என்று அவருக்குப் பயம். இப்படி ஆண்டவரின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக மனைவியிடம் தினமும் பொய் சொன்னார்.

பதினோராம் நாள் தண்ணீர் லாரிக்காரர் ஓர் ஏணியைக் கொண்டுவந்து போட்டார். ஒரு படி கழன்றிருந்தது. நல்லவேளை, யாரும் விழவில்லை. "உங்க வேலையாண்ணே இது?" என்றார் லாரிக்காரர். வெல்டர் திருப்பிப் பார்த்தார். அவர் வேலைதான். காய்ச்சலோடு அவசர அவசரமாக ஒட்டி, தட்டிப் பார்க்காமலே பெயின்ட் அடித்துக் கொடுத்தது. வெளியே கோடு வழவழவென்று இருந்தது. உள்ளே இரும்பும் இரும்பும் ஒட்டவே இல்லை, நடுவில் கசடு கறுப்பாக நின்றது.

மேலே நன்றாக இருக்கிறது என்று நம்பி ஒரு மனுஷன் இந்தப் படியில் கால் வைத்திருக்கிறான். தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு ஏணியைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, புதிதாக ஒட்டினார். தட்டினார். ஆணி டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேராக லாண்டரிக்குப் போனார்.

டப்பாவுக்குள் பார்த்த மனைவி தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பேசியபோது குரல் உடைந்திருந்தது.

"உங்க உயிரைக் கேட்டு நான் அழுதுகிட்டு இருந்தேன். அவர் குடுத்ததை நீங்க ஆணியோட போட்டு வெச்சிருக்கீங்க. ஆண்டவர் ஆறு மாசம் எடுத்துக்கிட்டா அவர் சின்னவராயிடுவாரா?"

மறுநாள் காலை இருவருமாக நர்ஸிடம் போனார்கள். நர்ஸ் திட்டித் தீர்த்தார், சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். மூன்று நாள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நோய் முரடாகவில்லை என்று முடிவு வந்தது. விட்ட நாளையெல்லாம் கடைசியில் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்றார் நர்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் பேச ஆரம்பிக்கும் முன்னே வெல்டர் எழுந்து பலகைக்குப் போனார். எழுதினார்: 'வெல்டர். இன்னும் நாலு மாசம், பதினோரு நாள்.' நடந்ததை மறைக்காமல் சொன்னார். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

அப்போது தையல்கார அக்கா எழுந்தாள். போன வருஷம் கைதட்டலோடு தன் வரி அழிக்கப்பட்டவள். வெல்டர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி 'தையல், சர்க்கரை' என்று எழுதினாள். அவளுக்குப் பின்னால் வாட்ச்மேன் வந்தார், அவருக்குப் பின்னால் பள்ளிக்கூட ஆயா. ஒளித்து ஒளித்து மாத்திரை விழுங்கியவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள். கடைசியில் பாஸ்டரே சாக்பீஸை வாங்கி, 'பாஸ்டர், ரத்தக் கொதிப்பு' என்று எழுதிவிட்டு, அன்றைக்கு வெல்டர் சொன்னதைத் தடுக்காமல் கைதட்டியது தன் பிசகு என்றார். அன்றுபோல் அந்தச் சபை என்றைக்கும் ஜெபித்ததில்லை.

அதன்பிறகு மாத்திரை டப்பாவுக்குள் போகவில்லை. தினமும் காலையில் மனைவி அதை உள்ளங்கையில் வைத்து ஜெபிப்பாள், அவர் ஆமென் சொல்லி விழுங்குவார்.

நாலு மாதம் பதினோரு நாள் கழித்து டஸ்டரை அவர் கையிலேயே கொடுத்தார்கள். "தட்டிப் பாத்தாச்சா அண்ணே?" என்று தையல்கார அக்கா சீண்டினாள்.

"டாக்டரே தட்டிப் பாத்துட்டாரு."

தன் வரியை மட்டும் அழித்தார். சாட்சி சொல்லத் திரும்பினார். மனைவி முகத்தைப் பார்த்தார்.

"ஆண்டவர் என்னைச் சுகமாக்கினாரு. ஆறு மாசமும் பதினோரு நாளும் ஆச்சு" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களுக்காக முழங்கால் போட்டார்.